சென்னைக்குப் புதிதாக வந்தவர்கள் பஸ், ரயில் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் எங்கள் அலுவலகத்தில் வெளியூர்களிலிருந்து பலர் புதிதாக வேலைக்குச் சேர்கிறார்கள். வந்த முதல் வாரத்தில் அவர்களுக்கு வேலையைப் பற்றி அதிகம் சந்தேகம் வருவதில்லை. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு எப்படி வருவது என்பதில்தான் எல்லாச் சந்தேகமும். அவர்கள் கேட்டதையெல்லாம் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் அடிப்படையான கேள்விகள் இருக்கும். போகப் போக வாக்குவாதத்தில் முடிந்தவை வரும்.

அக்கா, பஸ், லோக்கல் ரயில், பறக்கும் ரயில், மெட்ரோன்னு நாலு சொல்றாங்க. எது எதுன்னே புரியல.

நான்கும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிர்வாகங்களின் கீழ் வந்தவை. அதனால்தான் இந்தக் குழப்பம். மாநகரப் பேருந்துகளை ஓட்டுவது மாநில அரசின் மாநகர் போக்குவரத்துக் கழகம். 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் தொடங்கியது இது. வயதானவர்கள் இன்றும் ‘பல்லவன் பஸ்’ என்றுதான் சொல்வார்கள். லோக்கல் ரயில் தெற்கு ரயில்வேயுடையது. கடற்கரை நிலையத்திலிருந்து எழும்பூர், மாம்பலம், கிண்டி வழியாகத் தாம்பரம், செங்கல்பட்டுக்கு ஒரு பாதை. சென்ட்ரல் பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் ஒன்று, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒன்று.

பறக்கும் ரயில் என்பது கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் பெரும்பாலும் மேம்பாலத்தில் ஓடுவது. அதுவும் ரயில்வே ஓட்டும் ரயில்தான், டிக்கெட்டும் லோக்கல் ரயில் டிக்கெட்தான். மெட்ரோ தனி நிறுவனம். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துகின்றன. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே முதலில் ஓடியது. முதல் கட்டத்தில் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை நீல வழி, சென்ட்ரலிலிருந்து பரங்கிமலை வரை பச்சை வழி என்று சுமார் 54 கிலோமீட்டர் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். மெட்ரோவில் ஒரு நாளில் சுமார் மூன்று லட்சம் பேர் போகிறார்கள் என்றால், பேருந்தில் சுமார் முப்பது லட்சம் பேர் போகிறார்கள். செய்தியில் அடிபடுவது மெட்ரோ. ஊரைச் சுமப்பது பேருந்து.

பஸ் நம்பர்ல 29சி, 21ஜின்னு எழுத்து வருது, சிலதுல சிடி, ஈடின்னும் போட்டிருக்கு. அதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

எண் ஒரு வழித்தடக் குடும்பத்தைக் குறிக்கும், எழுத்து அதன் கிளையைக் குறிக்கும். எல்லா எண்களையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டிய இரண்டு மூன்று தடங்கள் தெரிந்தால் போதும். பெரம்பூரிலிருந்து ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் போகும் 29சி நகரத்தின் வடக்கையும் தெற்கையும் ஒரே டிக்கெட்டில் காட்டிவிடும். ஊரைப் பழகிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் கடைசி வரை போய் வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

சிடி என்றால் கட் சர்வீஸ். முழு தூரம் போகாமல் பாதியில் திரும்பிவிடும். ஈடி என்றால் வழக்கமான கடைசி நிறுத்தத்தைத் தாண்டிப் போகும். ஆகவே எண்ணைப் பார்த்ததும் ஏறிவிடாமல் பலகையில் கடைசி ஊர்ப் பெயரையும் படியுங்கள். எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் எண்கள் சிற்றுந்துகளுடையவை. பெரிய பேருந்து நுழைய முடியாத உள்தெருக்களிலிருந்து மெயின் ரோட்டுக்கோ ஸ்டேஷனுக்கோ ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்க 2013-ல் தொடங்கியவை.

டிக்கெட் எவ்வளவு வரும்? சில்லறை இல்லன்னா கண்டக்டர் திட்டுவாரா?

சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சம் 5 ரூபாய். அதற்கு மேல் ஸ்டேஜ் கணக்கு. ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு ஸ்டேஜ் அல்ல, சில நிறுத்தங்கள் சேர்ந்தது ஒரு ஸ்டேஜ். அதனால்தான் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கினால் ஒரு கட்டணமும் அடுத்ததில் இறங்கினால் வேறு கட்டணமும் வருகிறது. எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி என்று வகை ஏற ஏறக் கட்டணமும் ஏறும்.

சில்லறைத் தகராறு முன்பைவிட இப்போது குறைவு. நடத்துநர் கையிலிருக்கும் மெஷினில் யுபிஐ மூலம் பணம் கட்டலாம். சிங்காரச் சென்னை அட்டையையும் காட்டலாம். மெட்ரோவில் 2023-ல் வந்த அந்த அட்டை 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்திலும் செல்லும். தினமும் போய் வருபவர் என்றால் மாதப் பாஸ் எடுத்துவிடுங்கள். 1,000 ரூபாய்ப் பாஸில் ஏசி தவிர எல்லாப் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஏசியும் வேண்டும் என்றால் 2,000 ரூபாய். வீட்டில் 60 வயதைத் தாண்டிய சென்னைவாசி இருந்தால் அவருக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, பேருந்துப் பணிமனைகளில் விண்ணப்பிக்க வேண்டும்.

லேடீஸுக்கு எல்லா பஸ்ஸும் ஃப்ரீதானே? ஃப்ரீன்னா டிக்கெட் எதுக்கு வாங்கணும்?

எல்லாப் பேருந்தும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில், அதாவது வெள்ளைப் பலகைப் பேருந்துகளில் மட்டும் இலவசம். பிறகு இதற்கு ‘விடியல் பயணம்’ என்று பெயர் வைத்தார்கள். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று பல பேருந்துகளுக்கு முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஏறும்போதே கேட்டுவிடுங்கள். திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் துணைக்கு வருபவருக்கும் இதே சலுகை உண்டு.

டிக்கெட் கட்டாயம் வாங்குங்கள். எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில்தான் பதிவாகிறது. போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடு செய்கிற பணத்துக்கு அந்தக் கணக்கு வேண்டும். காசு கொடுக்கவில்லையே என்று கூச்சப்பட்டு நிற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்தபோது, இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரிந்தது. நாலு வீட்டில் வேலை செய்து வாழ்கிறவருக்கு அது எரிவாயு சிலிண்டர் வாங்குகிற பணம். ஐந்தாவதாக ஒரு வீடு தூரத்தில் கிடைத்தாலும் துணிந்து ஒப்புக்கொள்ளலாம்.

லோக்கல் ரயில்ல டிக்கெட் செக்கிங் இருக்கா? காலியா இருக்கிற பெட்டியில ஏறினேன், ஃபைன் போட்டுட்டாங்க.

காலியாக இருந்தது முதல் வகுப்புப் பெட்டியாக இருக்கும். நெரிசல் நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் கதவுப் பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சாதாரண டிக்கெட்டோடு முதல் வகுப்பில் ஏறினால் அபராதம்தான். டிக்கெட்டே இல்லை என்றால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

சாதாரணக் கட்டணமோ 5 ரூபாயில் தொடங்குகிறது. இவ்வளவு மலிவாக இவ்வளவு தூரம் போக நகரத்தில் வேறு வழியே இல்லை. தினசரிப் பயணிகள் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் கவுண்டர் பக்கமே போக வேண்டாம். ஏசி ரயில் 2025 ஏப்ரலில் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு பாதையில் வந்தது. அதற்குத் தனி டிக்கெட், குறைந்தபட்சம் 35 ரூபாய்.

நாலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்க முடியாதா?

முடியும். 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். புறப்படும் இடமும் போகும் இடமும் கொடுத்தால் பஸ், லோக்கல், மெட்ரோ எல்லாவற்றையும் சேர்த்து வழி காட்டி, ஒரே கியூஆர் டிக்கெட் தரும். செல்பேசியில் பணம் கட்டத் தயங்குகிறவர்கள் பழையபடி தனித்தனியாக எடுக்கலாம்.

இதைச் செய்தது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். பஸ் ஒரு கை, ரயில் ஒரு கை என்று பிரிந்து கிடந்ததை ஒன்றாகத் திட்டமிட ஓர் அமைப்பு வேண்டும் என்று 2010-லேயே சட்டம் போட்டார்கள். சட்டம் வந்து ஒரே டிக்கெட் கைக்கு வர 15 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. டிக்கெட் ஒன்றாகிவிட்டது, நேரம் இன்னும் ஒன்றாகவில்லை. ரயில் வந்து நிற்கிற நேரத்துக்கு வாசலில் சிற்றுந்து நிற்க வேண்டும். பயணிக்கு உண்மையில் வேண்டியது அதுதான்.

ஊர்ல இருந்து வந்தா கிளாம்பாக்கத்துல இறக்கி விட்டுடறாங்க. அங்கிருந்து எப்படி வர்றது?

தென்மாவட்டப் பேருந்துகளுக்காக 2023 டிசம்பர் 30 அன்று திறந்த முனையம் அது. வளாகத்திலேயே மாநகரப் பேருந்துகள் நிற்கும் பகுதி இருக்கிறது. கோயம்பேடு, கிண்டி, அடையாறு, தி. நகர் எங்கும் போகலாம். ரயில் பிடிப்பதென்றால் வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் நிலையம், இல்லையென்றால் பேருந்தில் தாம்பரம் வந்து மாறிக்கொள்ளலாம். கையில் பெரிய பெட்டி இருந்து, நீங்கள் தங்குமிடம் ரயில் பாதையை ஒட்டியிருந்தால் தாம்பரத்தில் மாறுவதே மேல். அங்கிருந்து ரயில்கள் அடிக்கடி உண்டு, சாலை நெரிசலிலும் சிக்க வேண்டாம்.

எந்த ஏரியாவுல வீடு பார்க்கலாம்? எல்லாரும் தாம்பரம் லைன்லயே பாருன்னு சொல்றாங்களே, ஏன்?

சொல்கிறவர்கள் அனுபவத்தில் சொல்கிறார்கள். கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். பம்பாயில் 1925-ல் வந்ததை அடுத்து, நாட்டிலேயே மிக முன்னால் மின்மயமான புறநகர்ப் பாதைகளில் ஒன்று அது. அந்த ரயிலை நம்பித்தான் தெற்கே குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என்று குடியிருப்புகள் நிறைந்தன. வீடு தூரத்தில், வேலை நகரத்துக்குள் என்று நடுத்தரக் குடும்பங்கள் வாழ முடிந்தது அந்த ரயிலால்தான். மேற்கே அம்பத்தூர், ஆவடி, வடக்கே எண்ணூர் பக்கமும் இதே கதைதான், பேச்சில் அதிகம் அடிபடுவதில்லை என்பது மட்டுமே வித்தியாசம். வாடகையும் அந்தப் பக்கம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வீடு பார்க்கும்போது புரோக்கர் சொல்லும் ‘ஸ்டேஷன் பக்கத்துல’ என்பதை நீங்களே நடந்து பாருங்கள், அதுவும் இருட்டிய பிறகு. தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு, கேட் எங்கே, சுரங்கப்பாதை எங்கே என்பதில் பதினைந்து நிமிடம் கூடவோ குறையவோ செய்யும். அந்தப் பதினைந்து நிமிடம் தினமும் இரண்டு வேளை வரும்.

அரை மணி நேரமா ஒரு பஸ் வராது, அப்புறம் மூணு பஸ் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். டிரைவருங்க டீ குடிச்சிட்டு சேர்ந்து கிளம்பறாங்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஓட்டுநர்கள் மேல் அநியாயமாகப் பழி விழுவதும் இதில்தான். நடப்பது இது. டிப்போவிலிருந்து பத்து நிமிட இடைவெளியில் மூன்று பேருந்துகள் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பேருந்து ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டிக்கொள்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாகச் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற நேரமாகிறது, பேருந்து இன்னும் தாமதிக்கிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகம். பின்னால் வரும் இரண்டாவது பேருந்துக்கோ ஆட்களே மிச்சமில்லை. ஏற்றிக்கொள்ள ஆளில்லாததால் அது வேகமாக வந்து முதல் பேருந்தைப் பிடித்துவிடுகிறது. மூன்றாவதும் அப்படியே. ஒருவரும் தவறு செய்யாமலே மூன்றும் சேர்ந்துவிடுகின்றன. உலகத்தில் பேருந்து ஓடுகிற எல்லா ஊர்களிலும் இது நடக்கிறது.

இதில் பயணி இழப்பது எவ்வளவு என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். அதே பேருந்துகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒருமுறை வந்தால் சராசரிக் காத்திருப்பு பதினைந்து நிமிடம். வண்டி எண்ணிக்கை அதேதான், டீசல் செலவும் அதேதான். காத்திருப்பு மட்டும் மூன்று மடங்கு. அதிலும் முதல் பேருந்தில் எல்லோரும் நெருக்கியடித்துப் போக, மூன்றாவது பாதி காலியாகப் போகிறது.

சரிசெய்ய வழிகள் இருக்கின்றன. முந்தி வரும் பேருந்தை நடுவில் ஒரு நிறுத்தத்தில் சற்றுப் பிடித்து வைக்கலாம். பேருந்துக்குத் தனித் தடம் ஒதுக்கலாம். ஏறும்போது நேரம் போகாதபடி முன்கூட்டியே டிக்கெட் எடுக்கச் செய்யலாம். இப்போது பேருந்துகளில் ஜிபிஎஸ் இருப்பதால் எது எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். தெரிந்ததை வைத்து இடைவெளியைச் சீராக்குவதுதான் செய்ய வேண்டிய வேலை. என்னைக் கேட்டால், புதிய பேருந்து வாங்குவதற்குச் சமமான முக்கியத்துவம் இதற்குக் கொடுக்க வேண்டும். அதுவரை உங்களுக்கு ஒரு யோசனை. பின்னால் அதே எண்ணில் இன்னொன்று வருவது கண்ணுக்குத் தெரிந்தாலோ செயலியில் தெரிந்தாலோ முதல் பேருந்தில் முட்டி மோதாதீர்கள்.

சில பஸ் ஸ்டாப்ல நிக்காம தள்ளிப் போய் நிக்குது. வயசானவங்க எப்படி ஓடுவாங்க?

ஓட முடியாது, ஓடவும் கூடாது. நிறுத்தத்தில் ஆட்டோக்களும் பைக்குகளும் நிற்பதால் பேருந்து ஒதுங்க இடமில்லாமல் போவது ஒரு காரணம். முந்தைய பதிலில் சொன்ன தாமதத்தை ஈடுகட்டும் அவசரம் இன்னொன்று. ஆனாலும் நிறுத்தத்தில் நிற்பது அவர்கள் கடமை. நிறுத்தாமல் போனால் பேருந்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் வண்டி எண், நேரம், நிறுத்தத்தின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு 149-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பொதுவாகக் குறை சொன்னால் பலனில்லை. இந்த மூன்றும் இருந்தால் யார் என்று தெரியும்.

படியில நின்னு போனா என்ன? உள்ள இடமே இல்லையே.

இடமில்லை என்பது உண்மை. ஆனால் 2012 டிசம்பரில் பழைய மகாபலிபுரம் சாலையில் படியில் தொங்கிப் போன மாணவர்கள் நான்கு பேர் பக்கத்தில் வந்த லாரியில் சிக்கி இறந்தார்கள். 2018 ஜூலையில் பரங்கிமலை ரயில் நிலையத்தில், கூட்ட நெரிசலில் மின்சார ரயிலின் வாசலில் தொங்கியவர்கள் தடுப்புச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். ஒரு பேருந்தை விட்டுவிட்டு அலுவலகத்துக்குத் தாமதமாகப் போங்கள். உங்கள் மேலாளர் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு தனியா வர்றது பாதுகாப்பா இருக்குமா?

வண்டிக்குள் பெரும்பாலும் பயமில்லை. நடத்துநர் இருக்கிறார், மற்ற பயணிகள் இருக்கிறார்கள். லோக்கல் ரயிலில் மகளிர் பெட்டி இருக்கிறது. ஆனால் இரவில் ஆளில்லாத மகளிர் பெட்டியைவிட ஆட்கள் உள்ள பொதுப் பெட்டி நல்லது என்பது என் கருத்து. ரயிலில் ஏதாவது என்றால் 139, எங்கேயும் பெண்கள் உதவிக்கு 181. மெட்ரோ இரவு 11 மணியோடு முடியும். அதற்குப் பிறகு சில தடங்களில் மட்டும் இரவுப் பேருந்து உண்டு.

பயப்பட வேண்டிய இடம் வண்டிக்கு வெளியே இருக்கிறது. ஆளில்லாத நடைமேடை, விளக்கு எரியாத நிறுத்தம், அங்கிருந்து வீடு வரைக்குமான தெரு. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், அதுவும் காலை நேரத்தில், ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அப்போது அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. அதன் பிறகுதான் நிலையங்களில் கேமரா பற்றி எல்லோரும் பேசினார்கள். ஒரு நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா என்பது ஒரு பெண் இரவு வேலையை ஏற்றுக்கொள்கிறாளா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. உங்கள் நிறுத்தத்தில் விளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். எரியும் வரை கொடுங்கள்.

பறக்கும் ரயில் ஸ்டேஷன் எல்லாம் ஏன் இவ்வளவு பெருசா, இருட்டா, ஆளில்லாம இருக்கு?

நிலம் எடுக்கும் சிக்கலைக் குறைக்கப் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலும் அந்தப் பாதையைப் போட்டார்கள். 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை, 2004-ல் திருவான்மியூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை என்று மெதுமெதுவாக வந்தது. கால்வாய் ஓரம் போனதால் பல நிலையங்கள் கடைத்தெருவிலிருந்தும் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் விலகிவிட்டன. பெரிய கட்டடங்கள் கட்டினார்கள், உள்ளே கடைகள் வரவில்லை. கடை இல்லாததால் ஆள் நடமாட்டமில்லை, நடமாட்டமில்லாததால் பெண்கள் வரத் தயங்கினார்கள்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர்தான். லோக்கல், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்ப்பதற்கான இணைப்பு அது. ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலத் தகராறால் அந்த வேலை பத்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. போதாததற்கு, கடற்கரை–எழும்பூர் இடையே நான்காவது தண்டவாளம் போடும் வேலைக்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரை வரை போகாமல் சிந்தாதிரிப்பேட்டையிலேயே ரயிலை நிறுத்தினார்கள். அப்போது பைக்குக்கு மாறியவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? ஒரு பாதையை மூடும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

என் தம்பி வீல்சேர்ல இருக்கான். அவனால இதுல எதுலயாவது தனியா போக முடியுமா?

மெட்ரோவில் முடியும். லிஃப்ட் இருக்கிறது, நடைமேடையும் பெட்டியும் ஒரே உயரம். பேருந்தில், எல்லாவற்றிலும் முடியாது. நீதிமன்றம் வரை போய் மாற்றுத்திறனாளிகள் போராடிய பிறகு 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் வந்தன. 2025 ஜூனிலிருந்து வரும் மின்சாரப் பேருந்துகளும் தாழ்தளம்தான். சாய்தளப் பலகையை விரித்துப் போட்டால் சக்கர நாற்காலி நேராக உள்ளே ஏறும். லோக்கல் ரயிலில் தனிப் பெட்டி உண்டு என்றாலும், நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள உயரத்தைத் தாண்ட ஒருவர் துணை வேண்டும்.

இதிலும் வண்டியைவிட வாசல்தான் பிரச்சினை. உடைந்த நடைபாதையைத் தாண்டி நிறுத்தத்துக்கு வரமுடியாத ஒருவருக்குத் தாழ்தளப் பேருந்தால் என்ன பயன்? மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை போல, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடறாமல் போகும் வழிகள் இன்னும் பல இடங்களில் வேண்டும்.

மழை வந்தா எதை நம்பறது?

மெட்ரோவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் லோக்கல் ரயில்கள் நின்றபோதும் மெட்ரோ ஓடியது. 2023 மிக்ஜாம் புயலில் பரங்கிமலை மெட்ரோ நிலையத்தைச் சுற்றித் தண்ணீர் நின்று உள்ளே போக முடியாமல் ஆனது, ரயில் ஓடியது. ஆகவே ரயில் ஓடுகிறதா என்பதோடு நிலைய வாசலில் தண்ணீர் நிற்கிறதா என்றும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இவ்வளவு கஷ்டத்துக்கு ஒரு பைக் வாங்கிடலாமே?

சிலருக்கு வேறு வழியில்லை என்று எனக்குத் தெரியும். பின்னிரவில் வேலை முடிகிறவர், ஒரு நாளில் பத்து இடம் போக வேண்டியவர், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு எதிர்த்திசையில் அலுவலகம் போகிறவர். அவர்களை நான் தடுக்கவில்லை. மற்றவர்கள் தவணை, பெட்ரோல், காப்பீடு, சர்வீஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மேலே சொன்ன 1,000 ரூபாய்ப் பாஸ் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் தலைக்கவசத்தையும் மழைக்கோட்டையும் யோசியுங்கள்.

ரோட்டை அகலமாக்கி நாலு மேம்பாலம் கட்டினா டிராஃபிக் தீர்ந்துடாதா? பஸ் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஜெமினி மேம்பாலத்தை 1973-ல் கட்டினார்கள். கத்திப்பாரா 2008-ல் வந்தது. நடுவிலும் பிறகும் எத்தனையோ வந்துவிட்டன. ஒவ்வொன்றும் திறந்த புதிதில் வேகமாகப் போகும். வேகமாகப் போகிறது என்று தெரிந்ததும் அதுவரை பேருந்திலோ ரயிலிலோ போனவர் வண்டி எடுக்கிறார், கொஞ்ச நாளில் பாலம் நிறைந்துவிடுகிறது. நெரிசல் அடுத்த சிக்னலுக்கு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

சாலையில் ஒரு பேருந்து அடைக்கிற இடத்தில் இரண்டு மூன்று கார்கள் நிற்கும். பேருந்தில் அறுபது பேர், அந்தக் கார்களில் நாலைந்து பேர். சாலை எல்லோருக்கும் பொது என்றால், அதைப் பகிர்ந்து கொடுக்கும்போது வண்டிகளை எண்ணாமல் ஆட்களை எண்ண வேண்டும். பேருந்துக்குத் தனித் தடம் கேட்பது இதனால்தான். அகமதாபாத்தில் 2009-லேயே அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். சென்னையில் திட்டமாகப் பலமுறை பேசியதோடு நிற்கிறது. அது வராமல், முன்னால் சொன்ன மூன்று பேருந்து சேர்ந்து வரும் தொல்லை முழுதாகத் தீராது.

நஷ்டத்துல ஓடறதை ஏன் அரசாங்கம் நடத்தணும்? தனியார்கிட்ட கொடுத்துடலாமே?

கணக்கை முதலில் பார்ப்போம். பேருந்துக் கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் கொஞ்சம் குறைத்தார்கள். அதற்குப் பிறகு டீசல் விலை, சம்பளம், உதிரிபாகம் எல்லாம் ஏறியிருக்கின்றன, கட்டணம் ஏறவில்லை. கட்டணம் ஏற வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஏற்றக்கூடாது என்று அரசு முடிவெடுத்தால் அந்த வித்தியாசத்தை அரசே முழுமையாகவும் நேரத்துக்கும் கழகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் விட்டுவிட்டு நஷ்டம் என்று பெயர் சூட்டுவது நியாயமில்லை. மேம்பாலம் எவ்வளவு லாபம் தந்தது என்று யாரும் கேட்பதில்லை, அரசுப் பள்ளியிடமும் கேட்பதில்லை.

தனியார் பங்கு ஏற்கெனவே வந்துவிட்டது. புதிய மின்சாரப் பேருந்துகள் தனியார் நிறுவனத்துடையவை, ஓட்டுநரும் அவர்கள் ஆள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கிறது. தடம், நேரம், டிக்கெட் எல்லாம் கழகத்தின் கையில், நடத்துநரும் கழகத்தவர். இது ஓரளவு சரியான ஏற்பாடு என்று நினைக்கிறேன், ஏனென்றால் கூட்டமில்லாத தடத்தை ஓட்டாமல் விடும் உரிமை தனியாருக்கு இல்லை. அந்த உரிமையையும் கொடுத்துவிட்டால் முதலில் நிற்பது எண்ணூர்ப் பக்கத்து அதிகாலைப் பேருந்தும், பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போகும் கடைசிப் பேருந்தும்தான்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,000 கோடியாம். அந்தக் காசுக்கு எத்தனை பஸ் வாங்கியிருக்கலாம்?

வாதம் செய்யச் சுலபமான கேள்வி, பதில் அவ்வளவு சுலபமில்லை. இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மாதவரம்–சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர். இதில் பெரும்பகுதி இதுவரை ரயிலே பார்க்காத இடங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் காலை ஒன்பது மணிக்கு எவ்வளவு பேருந்து விட்டாலும் அது அதே நெரிசலில்தான் நிற்கும். அங்கே ரயில் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பேருந்தை அப்படியே விட்டுவிட்டு மெட்ரோவை மட்டும் கட்டினால் அதற்கே ஆள் வராது. மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் 10, அதிகபட்சம் 50 ரூபாய். வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் 80 ரூபாய் கொடுத்து வருகிறவர் எத்தனை நாள் வருவார்? புதிய நிலையம் திறக்கும் அன்றே அந்த வாசலிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு சிற்றுந்து கிளம்ப வேண்டும். மெட்ரோ மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. புதிய பாதை வரும் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் இப்போதே அந்தப் பகுதி மன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்கத் தொடங்கலாம். நிலையம் திறந்த பிறகு கேட்டால் அதற்குள் ஷேர் ஆட்டோ ஸ்டாண்ட் வந்து இடத்தைப் பிடித்திருக்கும்.